கரம்பு நிலத்தை வரைபடமாக்கப் போய் நான் பட்டது

ஒடுகத்தூரைத் தாண்டி ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் நான்கு கிராமங்களில் உழாமல் விட்ட நிலம் எவ்வளவு, அதில் தானாக முளைத்து நிற்கும் மரமும் முள்ளும் எங்கெங்கே என்று வரைபடம் போட்டுத் தரும் வேலையை 2023 மாசி மாதம் ஒத்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், ஒன்பது மாதம் ஆனது. கையிலிருந்து 84,000 ரூபாய் போனது, வந்தது 55,000. பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒரு பெரியவருடைய கொல்லையில், அதாவது மானாவாரி நிலத்தில் நடந்தது, அதை அதன் இடத்தில் சொல்கிறேன். இப்போது வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மூன்று மாவட்டத்திலும் இந்த மாதிரி வேலை கேட்டு இளம் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். கணினி தெரிந்த ஒரு ஆள் தனியாக இதில் இறங்கினால் எங்கெல்லாம் விழுவார் என்று எனக்குத் தெரியும், நான் எல்லா இடத்திலும் விழுந்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பின்னணி. நான் சென்னையில் ஒரு வரைபட நிறுவனத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதும் ஊருக்கு வந்துவிட்டேன். எங்கள் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் குழு ஒன்று என்னைக் கேட்டது. கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம் என்று 2021-22ல் தொடங்கினார்கள் இல்லையா, அதில் 10 முதல் 15 ஏக்கர் வரை சேர்ந்தாற்போல் தரிசு இருந்தால் தொகுப்பாகச் சேர்த்து, முள் வெட்டி, போர் போட்டுக் கொடுத்து மறுபடியும் பயிருக்குக் கொண்டுவருவார்கள். எங்கே அப்படித் தொகுப்பு தேறும் என்று குழுவுக்குத் தெரிய வேண்டும். கூடவே நான் ஒரு யோசனை சொன்னேன். மலையை ஒட்டிய சில நிலங்களில் மரம் நன்றாக வந்திருக்கிறது, அதை அப்படியே விடுவதுதான் நல்லது, அதையும் தனி நிறத்தில் காட்டுகிறேன் என்றேன். 75,000 ரூபாய் பேசி 25,000 முன்பணம் கொடுத்தார்கள். மனசுக்குள் அவ்வளவு சந்தோஷம். சொந்த ஊர் நிலத்தைப் பற்றிய வேலை, நான் படித்த படிப்புக்கு ஏற்ற வேலை.

நிலம் ஏன் இப்படி ஆனது என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலை ஆறரைக்கெல்லாம் ஆம்பூர் ஷூ கம்பெனி வண்டி ஊருக்குள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும், பையன்கள் பெங்களூரில் கட்டட வேலையில், போர் வற்றிவிட்டது, மீறி மல்லாட்டை (நிலக்கடலை) போட்டால் ராத்திரியில் காட்டுப்பன்றி வந்து பாத்தியைக் கிளறிப் போட்டுவிடும். ஒரு வருஷம் விட்டுப் பார்ப்போம் என்று விடுவார்கள். அது பத்து வருஷம் ஆகிவிடும்.

என் முதல் தவறு ஒரே ஒரு நாளின் படத்தை நம்பியது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்துக்கு மேல் வரும், மேகமில்லாத படம் வேண்டும் என்று சித்திரை வெயிலில் எடுத்த ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதில் என்டிவிஐ கணக்குப் போட்டேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அகச்சிவப்பை நிறையத் திருப்பி அனுப்பும், அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருகிற எண்தான் அது. வெறும் மண் என்றால் 0.1, 0.2 என்று வரும், பயிர் செழித்து நின்றால் 0.6க்கு மேலே போகும். எண் குறைந்த இடமெல்லாம் வெறும் தரிசு, நடுத்தரமான இடமெல்லாம் முள்ளும் புதரும், அதிகமான இடமெல்லாம் மரம் என்று மூன்று நிறம் போட்டேன். வரைபடம் பார்க்க மிக அழகாக இருந்தது. பட்டா நிலம் மட்டும் கிட்டத்தட்ட 1,900 ஏக்கர் இருக்கும் அந்த நான்கு ஊர்களில், 640 ஏக்கர் கைவிடப்பட்டது என்று வந்தது. குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

சித்திரையில் எங்கள் பக்கத்து மானாவாரிக் கொல்லை எல்லாமே வெறும் மண்ணாகத்தான் இருக்கும். ஆடிப்பட்டத்தில் விதைத்து ஐப்பசிக்குள் எடுத்துவிட்ட நிலம் சித்திரையில் எப்படிப் பச்சையாக இருக்கும்? சின்ன வயசிலிருந்து இந்த மண்ணைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். ஆனால் திரை முன்னால் உட்கார்ந்தபோது அந்த அறிவு எனக்கு வேலைக்கு வரவில்லை, அது வேறு இது வேறு என்று நினைத்துவிட்டேன். இதை யோசித்து யோசித்து எத்தனையோ நாள் தூக்கம் போயிருக்கிறது.

இதற்கு என்ன செய்திருக்க வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் படத்தை எடுக்காதீர்கள், குறைந்தது ஐந்தாறு வருஷத்துப் படங்களை வரிசையாக எடுத்து ஒவ்வொரு நிலத்துக்கும் அந்த எண் எப்படி ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். கூகுளின் எர்த் எஞ்சின் என்ற இணையத் தளத்தில் இதை நம் கணினியில் எதையும் இறக்காமலே செய்யலாம், வணிகம் அல்லாத வேலைக்கு இலவசம். மல்லாட்டை போட்ட நிலத்தில் எண் சடாரென்று ஏறும், உச்சிக்குப் போகும், அறுவடை ஆனதும் சடாரென்று விழும். உழாத நிலத்தில் மழை வந்தால் புல்லும் துத்தியும் நாயுருவியுமாக மெதுவாக ஏறி, தை மாசி வரைக்கும் இழுத்துக்கொண்டே மெதுவாகக் காயும். வேலிகாத்தான் (சீமைக்கருவேல்) முள் நிற்கிற இடத்தில் பங்குனி சித்திரையில் கூட எண் பெரிதாக இறங்காது, அதன் வேர் அவ்வளவு ஆழம் போகிறது. எனவே கோடை மாதங்களின் எண்ணைத் தனியாகவும் மழைக்காலத்து ஏற்றத்தைத் தனியாகவும் வைத்துக்கொண்டால் இந்த மூன்றும் ஓரளவு பிரிந்துவிடும். புரட்டாசி முதல் கார்த்திகை வரை மேகம் தொல்லை கொடுக்கும், மேகத்தின் நிழல் விழுந்த இடம் கூட அறுவடை ஆன நிலம் மாதிரி எண்ணைக் கீழே தள்ளிவிடும், மேகத்தையும் நிழலையும் சேர்த்தே நீக்க வேண்டும்.

வருஷத்தை எப்படிப் பிரிப்பது என்பதிலும் நான் தப்பு செய்தேன். ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று பிரித்தேன். நம் பக்கத்தில் நவரை நெல் மார்கழியில் நட்டு பங்குனியில் அறுப்பார்கள், அது இரண்டு வருஷத்துக்கு நடுவில் வெட்டுப்பட்டுப் பாதி பாதியாகத் தெரிந்தது, கழனி நிலம் நிறைய "பயிர் இல்லை" என்று வந்துவிட்டது. பழைய ஆட்கள் பசலி என்று கணக்கு வைத்தார்களே, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, அதுதான் சரியான பிரிப்பு. ஆங்கில வருஷத்தில் 590ஐக் கழித்தால் அந்த ஜூலையில் தொடங்கும் பசலி வரும், 2022 ஜூலையில் தொடங்கியது பசலி 1432. விஏஓ எழுதும் அடங்கல் என்ற பயிர்க் கணக்கும் பசலிப்படிதான் இருக்கும், அதனால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி. இதை அறிந்த பிறகு பசலி 1426லிருந்து 1432 வரை ஏழு பசலிக்குப் போட்டேன். சொர்ணவாரி நெல் போடுகிற இடத்தில் அதுவும் ஜூன், ஜூலையில் வெட்டுப்படும், அதை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதிலும் 2016 என்னைக் கவிழ்த்தது. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு, யார் நிலத்திலும் எதுவும் வரவில்லை. பசலி 1426ஐயும் கணக்கில் சேர்த்து "தொடர்ந்து மூன்று வருஷம் பயிர் இல்லை" என்று நான் எடுத்த பட்டியலில், நல்ல உழவர்களின் நிலமெல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டது. எதிர்ப்பக்கமாக 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியது நினைவிருக்கும், அந்த வருஷம் பத்து வருஷமாக உழாத கொல்லை கூட களையால் பச்சைப்பசேல் என்று பயிர் மாதிரி நின்றது. ஒரு நிலத்தின் எண்ணைத் தனியாகப் பார்க்காமல், அதே ஊரில் நிச்சயமாகப் பயிர் வைத்த நாலைந்து நிலம், நிச்சயமாக வைக்காத நாலைந்து நிலம் இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மழையின் ஏமாற்று வேலை போய்விடும்.

அடுத்தது மாந்தோப்பு. உழவை விட்டவர்கள் எல்லாரும் நிலத்தைச் சும்மா விடவில்லை, நிறையப் பேர் மாங்கன்றும் தென்னையும் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். மேலிருந்து பார்த்தால் மாவும் வருஷம் முழுக்கப் பச்சை, வேலிகாத்தானும் வருஷம் முழுக்கப் பச்சை. என் முதல் வரைபடத்தில் 150 ஏக்கர் தோப்பு "இயற்கையாக முளைத்த மரம்" என்று பச்சை அடித்திருந்தது, அந்தத் தோப்புக்காரர்களில் ஒருவர் குழுக் கூட்டத்தில் எழுந்து, நான் தண்ணி ஊத்தி வளர்த்த மரம் காட்டுமரமா என்று கேட்டார். எனக்குத் தலை நிமிர முடியவில்லை. இதைப் பிரிக்க நான் கண்ட எளிய வழி கண்ணால் பார்ப்பதுதான். கூகுள் எர்த்தில் பழைய வருஷத்துப் படங்களைத் திருப்பிப் பாருங்கள், நட்ட மரம் கோடு பிடித்தாற்போல் வரிசையாக நிற்கும், தானாக வந்தது திட்டுத் திட்டாக, வரப்போரத்தில் அடர்த்தியாகவும் நடுவில் இடைவெளி விட்டும் நிற்கும். நிலம் நிலமாக உட்கார்ந்து பார்க்க எனக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது, அந்தப் பன்னிரண்டு நாளை முதலிலேயே செலவு செய்திருந்தால் ஐந்து மாதம் மிஞ்சியிருக்கும்.

சரி, இப்போது அந்தப் பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன்.

என் முதல் வரைபடத்தை வைத்துக்கொண்டு குழு வேகமாக வேலையைத் தொடங்கிவிட்டது, ஆடிக்குள் நிலத்தைத் தயார் செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு அவசரம். நான் "முள், புதர்" என்று குறித்த துண்டுகளில் பட்டாதாரர்களிடம் சம்மதம் வாங்கினார்கள். ஒரு ஏக்கர் 40 சென்ட் உள்ள ஒரு கொல்லைக்குப் பட்டா மகன் பெயரில் இருந்தது, மகன் பெங்களூரில், வாட்ஸ்அப்பில் சரி என்று அனுப்பிவிட்டார். ஆனி மாதம் ஒரு நாள் காலையில் ஆடு மேய்க்கிற ஒரு ஆயா எனக்குப் போன் பண்ணிச்சு. "பாப்பா, தாத்தா கொல்லில ஜேசிபி எறங்கிச்சு, இன்னாத்துக்குன்னு கேக்குறாரு, யாரும் பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க, நீ கொஞ்சம் வா" என்றது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் 60 சென்ட் முடிந்துவிட்டது. வேம்பும் துரிஞ்சியும் வேரோடு புரண்டு கிடந்தன. பெரியவர் வரப்பில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவர் வீட்டுப் பாட்டி கீழே விழுந்து கிடந்த கிளைகளிலிருந்து தழையை ஒடித்து ஒடித்து ஒரு பக்கமாகக் குவித்துக்கொண்டிருந்தாள், ஆட்டுக்காவது ஆகட்டும் என்று.

அது முள்ளுக்காடு இல்லை. மாடு விற்றபிறகு, பன்றித் தொல்லைக்குப் பிறகு, உழுவதை நிறுத்திவிட்டு அவர் முதல் மூன்று வருஷம் சுற்றிலும் முள் போட்டு ஆடு உள்ளே போகாமல் காத்திருக்கிறார். வரப்பில் நின்ற பனையிலும் பழைய வேம்பிலும் உட்கார்ந்த பறவைகள் போட்ட விதையிலிருந்து முளைத்த கன்றுகளில் நல்லதை விட்டு மற்றதைக் களைந்து, பக்கக் கிளை கழித்து வளர்த்திருக்கிறார். வேலிகாத்தான் வந்தால் சின்னதிலேயே பிடுங்கிப் போட்டிருக்கிறார். பன்னிரண்டு வருஷம். ஆடியில் வேப்பங்கொட்டை பொறுக்கி விற்பதும், கோடையில் துரிஞ்சித் தழை ஆட்டுக்கு ஆவதும்தான் அவர்கள் இரண்டு பேருக்கும் அந்த நிலத்தின் வருமானம். ஒரு வேம்பின் அடியில் கட்டைவிரல் கனத்தில் சந்தனக் கன்று ஒன்று இருந்திருக்கிறது, அதுவும் போனது. "மேலேந்து பாத்தா நான் பாடுபட்டது தெரியாதா பாப்பா?" என்று கேட்டார். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடைப் பக்கம் போய் நின்று அழுதேன்.

ஜேசிபியை நிறுத்தியாயிற்று, மீதி 80 சென்ட் தப்பித்தது. என் கையிலிருந்து 40,000 ரூபாயை அவர்களுக்குக் கொடுத்தேன். குழு அதில் பங்கு எடுத்துக்கொள்ளவில்லை, வரைபடம் உன்னுடையது என்று சொல்லிவிட்டார்கள், எனக்கும் வாதாட மனம் வரவில்லை. பட்டா நிலத்தில் முளைத்ததாக இருந்தாலும் சந்தன மரத்தை வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது, இது நம் மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம், அந்த பயத்தில் நான் நாலு ராத்திரி தூங்கவில்லை. அப்புறம் நானே போய் வனத்துறை அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன், கன்று என்பதால் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். மலையடிவார நிலங்களில் வேலை செய்பவர்கள் இதை மறக்கவே கூடாது. சந்தனம் பக்கத்து மரத்தின் வேரில் ஒட்டிச் சத்து எடுத்து வளரும், அதனால் வேம்பு, துரிஞ்சி அடியில் புதருக்குள்தான் ஒளிந்திருக்கும். எந்தப் படத்திலும் தெரியாது. ஜேசிபி இறங்கும் முன்னால் மரம் தெரிந்த ஒரு ஆளோடு நிலத்துக்குள் முழுக்க நடக்க வேண்டும். இருந்தால் யாரிடமும் இடத்தைச் சொல்லாமல், வரைபடத்திலும் குறிக்காமல், நில உரிமையாளரிடம் மட்டும் சொல்ல வேண்டும், குறித்தால் திருடனுக்கு வழி காட்டியதாக ஆகிவிடும்.

அன்றைக்குப் பிறகு என் வரைபடத்தைக் குழு ஏற்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், மீதி 50,000 கிடையாது என்றார்கள். விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அந்தத் தப்பான படம் யார் கையிலாவது இருந்து இன்னொரு கொல்லையில் ஜேசிபி இறங்கினால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. முதலிலிருந்து போடுகிறேன், முடிந்தபிறகு நீங்களே பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு தொடங்கினேன்.

இந்த முறை முதலில் நடந்தேன். இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு இருபது நாள், ஆளுக்குத் தினம் 300 ரூபாய் என்று 12,000 ஆனது. அது போக பெட்ரோல், நகல், சாப்பாடு என்று 14,000. இதற்கு முன்னால் ட்ரோனுக்கு 18,000 கொடுத்திருந்தேன், அது முழுக்க வீண், ஒரு நாள் காற்று அடித்துப் பறக்கவே இல்லை, இன்னொரு நாள் எடுத்த படங்களை ஒட்டிப் பார்த்தால் தரையில் அளந்த குறிப்புப் புள்ளி எதுவும் வைக்காததால் நிலத்தின் எல்லையோடு பொருந்தவில்லை. ட்ரோன் தேவைப்படும் இடம் மிகக் குறைவு, முள் அடைத்து உள்ளே காலே வைக்க முடியாத நிலங்களுக்கு மட்டும் கடைசியில் யோசியுங்கள், அதுவும் அந்த இடம் பறக்க அனுமதி உள்ள பச்சை மண்டலமா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டு.

ஊருக்குள் போனபோது வேறொரு சிக்கல். "தரிசு நிலம் கணக்கெடுக்க வந்திருக்கிறேன்" என்று நான் சொன்ன இடமெல்லாம் கதவு மூடியது. ஒரு ஊரில் பெண்கள் சுற்றி நின்றுகொண்டு கையில் இருந்த தாளைப் பிடுங்கிவிட்டார்கள், தரிசு என்று எழுதினால் கவர்மென்ட் எடுத்துக்கொள்ளும், சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்று நாள் வேலை நின்றது. அந்த ஆயாதான் வழி சொல்லிக் கொடுத்தது. "தரிசுன்னு கேக்காத கண்ணு. எத்தினி வருசமா கரம்பா கெடக்குதுன்னு கேளு, எல்லாரும் சொல்லுவாங்க" என்றது. அப்படியே நடந்தது. தரிசு என்பது ஆபீஸ் சொல். கரம்பு என்றால் உழாமல் கிடக்கிறது என்று மட்டும்தான், நிலம் யாருடையது என்ற சந்தேகம் அந்தச் சொல்லில் இல்லை. "கடைசியாக ஏர் ஓட்டினது எப்போ" என்று கேட்டால் இன்னும் நல்லது, வருஷம் சொல்ல மாட்டார்கள், பெரியவள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், மாடு வித்த வருஷம், பெரிய வெள்ளம் வந்த வருஷம் என்று சொல்வார்கள், அதை நாம் வருஷமாக மாற்றிக்கொள்ள வேண்டும். நான் பத்து இடத்தில் இப்படிக் கேட்ட வருஷத்தை லேண்ட்சாட் என்ற இன்னொரு செயற்கைக்கோள் வரிசையின் படங்களோடு ஒப்பிட்டேன், 1980களிலிருந்து படம் இருக்கிறது, 2008 முதல் இலவசம். எட்டு இடத்தில் ஒரு வருஷத்துக்குள் பொருந்தியது. அவர்கள் நினைவு என் கணக்கைவிட மேலாக இருந்தது.

அந்த வருஷத்தைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால் அரசுக் கணக்கே அதை வைத்துத்தான் பிரிக்கிறது. இந்த ஒரு வருஷம் மட்டும் விட்டது நடப்புத் தரிசு, ஒன்றிலிருந்து ஐந்து வருஷம் என்றால் இதர தரிசு, அதற்கு மேல் போனால் சாகுபடிக்கேற்ற தரிசு. நிலத்தில் என்ன நிற்கும் என்பதும் அதை ஒட்டியே வருகிறது. நான் பார்த்த வரையில் முதல் இரண்டு மூன்று வருஷத்தில் அறுகு, கோரை, துத்தி, எருக்கு, ஆவாரை. அதை உழுது திருப்புவது சுலபம், செலவும் குறைவு. ஐந்து வருஷம் தாண்டி, ஆடு மாடு தாராளமாகப் போய்வந்த நிலம் என்றால் வேலிகாத்தான் அடைத்துக்கொள்கிறது, அதன் நெற்றைத் தின்றுவிட்டுச் சாணத்தில் விதை போடுவதால். அதை மேலே வெட்டினால் தூரிலிருந்து பத்துக் கிளை வெடிக்கும், தூரையே தோண்டி எடுத்து, அடுத்த இரண்டு மழைக்கும் முளைக்கிற கன்றைப் பிடுங்க ஆள் இருந்தால் மட்டும் அந்த வேலையில் கை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜேசிபி வாடகை தண்டம். மலையை ஒட்டி, மேய்ச்சல் குறைந்து, பத்து வருஷத்துக்கு மேல் விட்ட இடங்களில்தான் துரிஞ்சி, வெப்பாலை, இலந்தை, வேலம், வேம்பு என்று உண்மையான காடு திரும்பி வருகிறது. அந்த மூன்றாவது வகையைத் தொடாதீர்கள் என்று இரண்டாவது வரைபடத்தோடு கொடுத்த குறிப்பில் தெளிவாக எழுதினேன். மண் பிடித்து நிற்கிறது, ஓடைக்குத் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது, கீழே உத்திரகாவேரி ஓரத்துக் கிணறுகளுக்கு அதுதான் ஆதாரம்.

எல்லை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இரண்டு சண்டை அதில்தான் வந்தது. பட்டாவும், நிலத்தின் எல்லையை வரைந்த புலப்படமும் இணையத்திலேயே இலவசமாக எடுக்கலாம். ஆனால் புலப்படம் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனித்தனியாக வரைந்தது, அதை எடுத்துச் செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்தால் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி உட்காரும். சென்டினல் படத்தின் ஒரு கட்டம் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், நம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். 40 சென்ட் நிலத்தில் மொத்தமே பதினாறு கட்டம்தான் தேறும், அதில் ஓரத்துக் கட்டங்களில் பக்கத்து நிலமும் வரப்பு மரமும் கலந்திருக்கும், நடுவில் உள்ள நான்கைந்துதான் சுத்தமானது. லேண்ட்சாட் என்றால் ஒரு கட்டமே 22 சென்ட். அதனால் அரை ஏக்கருக்குக் கீழே உள்ள துண்டுகளைப் பற்றிப் படத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்லாதீர்கள். கிணறு, கோயில், எல்லைக்கல் என்று அசையாத நாலைந்து இடத்தில் நின்று செல்போன் ஜிபிஎஸ் எடுத்து, ஒரு இடத்தில் ஐந்து நிமிஷமாவது நின்று சராசரி எடுத்து, அதற்குப் புலப்படத்தை நகர்த்திப் பொருத்தினேன். மரத்தடியில் நின்று எடுக்காதீர்கள், எண் அலையும்.

பட்டாவில் இருக்கும் பெயரும் நிலத்தில் கால் வைக்கும் ஆளும் ஒருவரல்ல என்பதுதான் எனக்கு மிகவும் வலித்துத் தெரிந்தது. இப்போது என் தாளில் மூன்று கட்டங்கள் உண்டு, பட்டா யார் பெயரில், கடைசியாக உழுதது யார், இப்போது அந்த நிலத்தில் ஆடு மேய்ப்பதோ விறகு பொறுக்குவதோ கொட்டை பொறுக்குவதோ யார். மூன்று பேரும் சரி என்று சொல்லாமல் "திருத்தலாம்" என்ற நிறத்தை நான் போடுவதில்லை. கூட்டுப் பட்டா என்றால் இதற்கே ஒரு மாதம் ஆகும், அந்த மாதத்தை வேலைக்கான காலத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் பேசும்போதே நேரில் போய்ச் சரிபார்க்கும் செலவைத் தனியாகப் பேசிவிடுங்கள், வரைபடம் முடியும் முன்னால் அதை வைத்து எந்த வேலையும் தொடங்கக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரி என்னிடம் இருந்திருந்தால் அந்த 60 சென்ட் இன்றைக்கு நின்றிருக்கும்.

கார்த்திகையில் இரண்டாவது வரைபடம் கொடுத்தேன். 640 ஏக்கர் 285 ஆனது. கழிந்த 355ல் தோப்பு 150, ஒழுங்காகப் பயிர் வைக்கிற மானாவாரிக் கொல்லை 120, மீதி 85 பெரியவருடையதைப் போல வேண்டுமென்றே மரத்துக்கோ மேய்ச்சலுக்கோ விட்டது. குழு 30,000 கொடுத்தது. அந்த 285க்குள் தொகுப்பாகத் தேறியது இரண்டு இடம்தான், ஒன்றில் இந்த வருஷம் துவரையும் காராமணியும் போட்டிருக்கிறார்கள். பெரியவரின் அந்த 60 சென்ட்டில் ஜேசிபி முழுசாகப் பெயர்க்காமல் விட்ட வேர்களிலிருந்து ஏழெட்டு வேம்பு தழைத்திருக்கிறது, முள் கட்ட நானும் போனேன்.

இன்னும் 17 துண்டு நிலத்துக்குக் கேட்க ஆள் கிடைக்கவில்லை, பட்டாதாரர் இறந்துவிட்டார் அல்லது எங்கே போனார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அவற்றுக்கு எந்த நிறமும் போடாமல் வெள்ளையாகவே விட்டிருக்கிறேன்.